கட்டியை எடுத்த பிறகு எதற்கு ஊசி?



நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்துச் சபைகளுக்குப் போகிறபோது, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் ஒன்று இது: "ஐயா, பிள்ளையின் தலையில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கும் வந்துவிட்டான். அப்புறமும் தினம் ஒரு ஊசி என்கிறார்களே, ஏன்? அதற்கு ஏன் இத்தனை செலவு?" கேட்பவர்கள் குறை சொல்வதற்காகக் கேட்பதில்லை. காணிக்கை கொடுத்தவர்களுக்கு அது எதற்குச் செலவாகிறது என்று அறிய உரிமை உண்டு. நான் வைத்தியன் அல்ல. வியாதியஸ்தரின் படுக்கையருகே உட்கார்ந்து டாக்டர்கள் சொல்வதை வீட்டாருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பங்கு. அந்த முறையில் இதையும் எழுதுகிறேன்.

பட்டாணி அளவு மேஸ்திரி

மூளையின் அடியில், மூக்கின் வேர்ப்பகுதிக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. பழைய உடற்கூறு ஆசிரியர்கள் அதற்குத் துருக்கியச் சேணம் என்று பெயரிட்டார்கள். தோல் வேலை தெரிந்த நம் பகுதியாருக்குச் சேணத்தின் வடிவத்தை விளக்கத் தேவையில்லை. அந்தச் சேணத்தின் மேல் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி என்னும் சுரப்பி. பட்டாணி அளவுதான். எடை ஏறத்தாழ அரை கிராம்.

தோல் ஷாப்பில் மேஸ்திரி என்ன செய்கிறார்? சுண்ணாம்புத் தொட்டியில் அவர் இறங்குவதில்லை, டிரம்மையும் அவர் சுற்றுவதில்லை. ஆனால் எந்தத் தொட்டியில் எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்புகிறவர் அவரே. பிட்யூட்டரியும் அப்படித்தான். தைராய்டுக்கு ஒரு உத்தரவு, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கு ஒரு உத்தரவு, சினைப்பைக்கும் விந்தகத்துக்கும் சம்பந்தப்பட்ட உத்தரவு, தாய்ப்பாலுக்கு ஒன்று, சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்த ஒன்று, எலும்பும் தசையும் வளர ஒன்று. இந்த உத்தரவுகளையே ஹார்மோன் என்கிறோம். கடைசியாகச் சொன்னதுதான் வளர்ச்சி ஹார்மோன்.

இந்தச் சுரப்பியில் வருகிற கட்டிகளில் மிகப் பெரும்பான்மை புற்றுநோய் அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன். மூளைக் கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டார் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள். இவை மெதுவாக வளர்கிறவை. இரண்டு விதத்தில் தொல்லை தரும். ஒன்று, இடத்தை அடைத்து நெருக்கும். சேணத்திற்கு நேர் மேலேதான் இரண்டு கண் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கின்றன. அங்கே நெருக்கம் ஏற்பட்டால் நேர்ப் பார்வை இருக்கும், இரு பக்கப் பார்வையும் மங்கும். சாலையில் பக்கத்தில் வரும் வண்டி தெரியாது, கதவு நிலையில் தோள் இடிக்கும். கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

மற்றொன்று, கட்டியே ஏதாவது ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் பெரியவர்களுக்கு உயரம் கூடாது, கையும் பாதமும் தாடையும் பெருக்கும். ஷூ தைக்கிற ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: நாற்பது வயதுக்கு மேல் ஒருவருக்குச் செருப்பு நம்பர் ஏறிக்கொண்டே போனாலோ, கல்யாண மோதிரம் இறங்க மறுத்தாலோ, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். பால் சுரப்பு ஹார்மோனை மிகுவிக்கும் கட்டிகள் பலவற்றுக்கு மாத்திரையே போதும், கத்தி தேவையில்லை. பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் வருவது பெரும்பாலும் கிரேனியோபேரிஞ்சியோமா என்னும் வேறொரு கட்டி. பெயரை நினைவில் வைக்க வேண்டாம். அதுவும் புற்றுநோய் அல்ல, ஆனால் சுற்றுப்புறத்தோடு ஒட்டிக்கொண்டு முழுவதும் எடுக்க விடாமல் சிரமம் கொடுக்கும் கட்டி.

மூக்கின் வழியே

1907-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் மூக்கு வழியாகச் சென்று முதன்முதலாகப் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் அதை வளர்த்தார். 1960-களில் மான்ட்ரியாலில் ஜூல்ஸ் ஹார்டி மைக்ராஸ்கோப்பைக் கொண்டு செய்யத் தொடங்கிய பிறகு சுரப்பியைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் எடுப்பது சாத்தியமாயிற்று. இப்போது பல இடங்களில் எண்டோஸ்கோப் பயன்படுகிறது.

நம் தேசத்தில் இந்த வேலைக்கு அடித்தளம் இடப்பட்ட இடம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். நாட்றம்பள்ளியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். உலகத்தில் பல ஏழைத் தேசங்களில் இப்படிப்பட்ட கட்டி வந்தவருக்கு இந்தத் தூரத்தில் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரி இல்லை.

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றால் கட்டி போயிற்று, கண் காப்பாற்றப்பட்டது என்று பொருள். மேஸ்திரி பழையபடி வேலைக்கு வந்துவிட்டார் என்று பொருள் அல்ல. கட்டி பல வருடங்களாக நெருக்கியதில் சுரப்பி நசுங்கியிருக்கலாம். எடுக்கும்போது அதில் ஒரு பகுதி போயிருக்கலாம். மிச்சக் கட்டிக்காகக் கரண்ட் வைத்திருந்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்திருந்தால், சுரப்பி பல வருடங்கள் கழித்தும் மெல்ல வாடும். இதில் வழக்கமாக முதலில் குறைவது வளர்ச்சி ஹார்மோனே. கிரேனியோபேரிஞ்சியோமா எடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தக் குறை வந்துவிடுகிறது. இது சர்ஜனின் கைத்தவறு அல்ல. வியாதி இருந்த இடம் அப்படிப்பட்டது.

ஊசிக்கு முன் மாத்திரை

வளர்ச்சி ஹார்மோனைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆயினும் அதைவிட முந்தின ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ஊசியைப் பற்றி எழுதுவது சரியாகாது.

பிட்யூட்டரி கெட்டவருக்கு உயிரைக் காப்பது கார்ட்டிசால் என்னும் ஹார்மோன். அதற்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது பிரெட்னிசலோன் மாத்திரை கொடுக்கிறார்கள். மலிவான சிறிய மாத்திரை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஒரு மாதம் இல்லாவிட்டால் பிள்ளை ஒரு மாதம் வளராது. இந்த மாத்திரை சில நாள் இல்லாவிட்டால், அதுவும் காய்ச்சல் நேரத்தில், பிள்ளையே இல்லாமற் போகலாம்.

சுகமான உடம்பு காய்ச்சல், விபத்து, ஆபரேஷன் வரும்போது தானாகவே கார்ட்டிசாலைப் பல மடங்கு சுரந்துகொள்ளும். இவர்களுடைய உடம்புக்கு அது முடியாது. ஆகையால் காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரண்டு அல்லது மூன்று மடங்காக்க வேண்டும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறார்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட வேண்டும். பெரியவர்களுக்கு அது 100 மில்லிகிராம். 108 வண்டியில் வருகிறவரிடம், "இவருக்குப் பிட்யூட்டரி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையிலும் பள்ளிக்கூடப் பையிலும் வைப்பது நல்லது.

போதகனாக இங்கே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து, "இனி மாத்திரை வேண்டாம், விசுவாசம் போதும்" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. ஸ்டீராய்டு என்றாலே கெடுதல் என்று பக்கத்து வீட்டார் சொல்ல, நிறுத்துகிறவர்களும் உண்டு. சுகத்துக்காக ஜெபிப்பதை நான் தடுக்கமாட்டேன், நானும் ஜெபிக்கிறேன். ஆனால் இந்த மாத்திரை வெளியிலிருந்து வரும் விஷம் அல்ல. தேவன் நம் ஒவ்வொருவரின் உடம்பிலும் தினமும் சுரக்கச் செய்கிற அதே பொருள், அங்கே இல்லாததால் வாயால் கொடுக்கப்படுகிறது. அதை நிறுத்தச் சொல்லும் எந்த ஊழியரின் பேச்சையும் கேளாதிருங்கள். லெந்து நாட்களில் உபவாசம் இருப்பவர்களும், நம் அண்டை வீட்டு இஸ்லாமிய நண்பர்கள் ரமலான் நோன்பு வைப்பதற்கு முன்பும், டாக்டரைக் கண்டு மாத்திரை நேரத்தைப் பேசிக்கொள்ள வேண்டும். சிலருக்கு உபவாசமே ஆகாது.

ஹார்மோன்களைத் திருப்பிக் கொடுப்பதில் வரிசை இருக்கிறது. முதலில் கார்ட்டிசால், அதன் பின் தைராய்டு. இதை மாற்றித் தைராய்டு மாத்திரையை முதலில் தொடங்கினால் ஆபத்து நேரலாம். நீர் அதிகமாய்ப் போகிறவர்களுக்கு டெஸ்மோபிரசின் என்ற மருந்து. பருவ ஹார்மோன்கள் உரிய வயதில். இவையெல்லாம் நிலைப்பட்ட பிறகே வளர்ச்சி ஹார்மோனைப் பற்றிப் பேச்சு. அதைத் தொடங்கிய பிறகு மற்ற இரண்டின் தேவையும் கூடக்கூடும் என்பதால், அப்போதும் இரத்தப் பரிசோதனை வேண்டும். "ஊசி ஆரம்பித்த பிறகுதான் சோர்வாயிருக்கிறது" என்று யாராவது சொன்னால், ஊசியின் மேல் பழி போடுமுன் கார்ட்டிசாலைப் பார்க்க வேண்டும் என்பது அனுபவமுள்ள டாக்டர்களின் வார்த்தை.

குறையைக் கண்டுபிடிப்பது

வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தில், விட்டு விட்டுச் சுரக்கிறது. தூங்குகிற பிள்ளைதான் வளரும் என்று பாட்டிமார் சொன்னதில் காரியம் இல்லாமல் இல்லை. ஆகையால் பகலில் ஒருமுறை இரத்தம் எடுத்து இந்த ஹார்மோனை அளந்தால் ஒன்றும் தெரியாது. இதன் உத்தரவின்படி ஈரல் செய்கிற ஐ.ஜி.எப்.1 என்ற பொருள் நிலையாக இருப்பதால் அதை முதலில் அளக்கிறார்கள். பிறகு சுரப்பியைத் தூண்டிப் பார்க்கிறார்கள். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை 40-க்குக் கீழே இறக்குவது ஒரு முறை. டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் இதைச் செய்வதில்லை. அவர்களுக்குக் குளுக்ககான் ஊசி கொடுத்துச் செய்யலாம். பிள்ளைகளுக்குக் குளோனிடின் மாத்திரை கொடுத்தும் பார்ப்பதுண்டு. தூண்டிய பிறகும் பெரியவர்களுக்கு 3 நானோகிராமைத் தாண்டவில்லையென்றால் குறை கடுமையானது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பிள்ளைகளுக்கு எல்லை இதைவிட உயரம். மற்ற மூன்று ஹார்மோன்கள் ஏற்கெனவே போயிருந்து, ஐ.ஜி.எப்.1-உம் குறைந்திருந்தால் தூண்டும் பரிசோதனையே தேவையில்லை. அந்தப் பணம் மிச்சம். இதைத் தெரிந்து கேட்பதில் தவறில்லை.

பிள்ளைகளுக்கு

நாலு வயது முதல் பருவம் வரை ஒரு பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். வளர்ச்சி ஹார்மோன் குறைந்த பிள்ளை 4 சென்டிமீட்டரைக்கூட எட்டாமலிருக்கும். ஊசி தொடங்கிய முதல் வருடத்தில் 8, 10 சென்டிமீட்டர்கூட வளருவதுண்டு. பின்னர் வேகம் தணியும்.

இதில் காலம் முக்கியம். எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு பருவம் முடிந்ததும் மூடிக்கொள்ளும். மூடிய பிறகு எத்தனை ஊசி போட்டாலும் ஒரு விரற்கடை உயரம் கூடாது. டவுன் பஸ் ஸ்டாண்டுகளில் விளம்பரம் செய்யப்படும் உயரம் கூட்டும் பவுடர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். சகேயு ஏன் குள்ளனாயிருந்தான் என்று வேதம் சொல்லவில்லை, அவனுக்கு ஏறுவதற்கு ஒரு மரமாவது இருந்தது. வகுப்பில் முன்பெஞ்சில் உட்காரவைக்கப்படும் பதினான்கு வயதுப் பையனுக்கு, ஒன்பது வயதுப் பிள்ளையைப்போல் நடத்தப்படுவதுதான் பெரிய வேதனை. ஆகவே ஆபரேஷனான பிள்ளையின் உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், ஒரே சுவரில், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைச் செய்யலாம். செலவே இல்லாத பரிசோதனை இது, டாக்டர்களுக்கு மிகவும் உதவும்.

ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். கிரேனியோபேரிஞ்சியோமா எடுத்த சில பிள்ளைகள் இந்த ஹார்மோன் இல்லாமலே வளருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் உடல் பருத்துப்போகிறவர்கள். காரணம் முழுவதும் விளங்கவில்லை. வளருகிறானே என்று எண்ணிப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

ஊசி கட்டியைத் திரும்ப வளர்க்குமா? பெற்றோர் எல்லாரும் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வி. பல வருட ஆராய்ச்சிகளில், இந்தக் கட்டிகளை எடுத்தவர்களுக்கு ஊசியினால் கட்டி திரும்ப வருவது கூடியதாகக் காணப்படவில்லை. ஆயினும் உடனே தொடங்குவதில்லை. பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரு வருடம் வரை பொறுத்து, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அமைதியாயிருக்கிறது என்று கண்ட பிறகே தொடங்குகிறார்கள். பின்னும் ஸ்கேன் தொடரும். செயலிலுள்ள புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடவே கூடாது. பிள்ளைக்கு விடாத தலைவலி, பார்வை மங்கல், இடுப்பு வலி, நொண்டல் ஆகியவை கண்டால் அடுத்த விசிட் வரை காத்திராமல் காட்ட வேண்டும்.

பெரியவர்களுக்கு

உயரமெல்லாம் முடிந்துபோன நாற்பது வயதுக்காரருக்கு வளர்ச்சி ஹார்மோன் எதற்கு? டாக்டர்களும் வெகுகாலம் இப்படித்தான் எண்ணினார்கள். 1989-இல் லண்டனிலும் டென்மார்க்கிலும் செய்த ஆராய்ச்சிகள் அதை மாற்றின. பெரியவர்களுக்கும் இது குறைந்தால் தசை மெலிகிறது, வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது, எலும்பு பலவீனமாகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது, களைப்பும் மனச்சோர்வும் வருகின்றன. பச்சைத் தோலைத் தூக்கிப்போடுகிறவருக்கும், எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்து அப்பர் தைக்கிற பெண்ணுக்கும், இது வேலைக்கு ஆகாத சோம்பலாகவே வெளியே தெரியும். "கட்டிதான் போயிற்றே, இன்னும் என்ன?" என்று மேனேஜர் மட்டுமல்ல, புருஷனும் மாமியாரும் கேட்பார்கள்.

ஆனால் என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. பெரியவர் எல்லாருக்கும் இந்த ஊசி தேவை என்று நான் எண்ணவில்லை, டாக்டர்களும் அப்படிச் சொல்வதில்லை. பிரிட்டனில் 2003-இல் வகுத்த விதியின்படி, குறை கடுமையாயிருந்து, வாழ்க்கைத் தரத்தைப் பற்றிய கேள்வித்தாளில் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே கொடுக்கிறார்கள். ஒன்பது மாதம் கழித்து மறுபடி கேட்டுப் பார்த்து, போதிய முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுகிறார்கள். இது புத்தியுள்ள ஏற்பாடு. மற்ற ஹார்மோன்களைச் சரியாகக் கொடுத்து, நடையும் உணவும் ஒழுங்காகி, அப்போதும் தேறாதவருக்கே இந்தச் செலவு தகும்.

பெரியவர்களுக்கு அளவு மிகக் குறைவு. முப்பதிலிருந்து அறுபது வயது வரை நாளொன்றுக்கு 0.2 அல்லது 0.3 மில்லிகிராமில் தொடங்கி, ஐ.ஜி.எப்.1 பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டுகிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு அதிலும் பாதி. கால் வீக்கம், மூட்டு வலி, விரல் மரத்துப்போதல் ஆகியவை அளவு கூடிவிட்டதற்கு அடையாளம், குறைத்தால் சரியாகும். சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்க இதைத் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் வாலிபர்கள் சிலர் உண்டு. அது வேறு கதை, கெட்ட கதை.

மருந்து வந்த வழி

இன்சுலின் வெகுகாலம் மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதுபோல் வளர்ச்சி ஹார்மோனையும் மாட்டிலிருந்து எடுக்கலாம் என்று முயன்றார்கள். ஆயிரக்கணக்கான மாட்டுத்தோல் வந்திறங்கும் நம் ஊருக்கு அது வசதியாயிருந்திருக்கும்! ஆனால் மாட்டின் ஹார்மோன் மனிதனிடத்தில் வேலை செய்வதில்லை. எனவே இறந்த மனிதர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். 1958-இல் அமெரிக்காவில் மாரிஸ் ராபென் என்ற மருத்துவர் அப்படி எடுத்ததைக் கொடுத்து ஒரு நோயாளி வளர்ந்ததை அறிவித்தார். அதன் பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு பல தேசத்துப் பிள்ளைகள் அதைப் பெற்றார்கள். 1985-இல் ஒரு துக்கம் வெளிப்பட்டது. அதைச் சிறுவயதில் பெற்ற சிலர் வாலிபத்தில் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்னும் மூளை நோயால் மரித்தார்கள். இறந்தவரின் சுரப்பியிலிருந்து தொற்று ஏறியிருந்தது. அந்த மருந்து நிறுத்தப்பட்டது. அதே 1985-இல் கிருமியின் மரபணுவில் மனித ஹார்மோனின் குறிப்பைப் புகுத்தி ஆலையில் செய்யப்பட்ட மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நாம் வாங்குவது இவ்வகைதான், அதில் அந்தத் தொற்று இல்லை. பழைய செய்தியைக் கேட்டு அஞ்சுகிறவர்களுக்காக இதை எழுதினேன். தினமும் குத்துவதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை போடும் வகை பெரியவர்களுக்கு அமெரிக்காவில் 2020-இல் அனுமதிக்கப்பட்டது.

மே மாத வெயிலும் மருந்தும்

ஊசியைப் பேனா போன்ற கருவியால், தூங்கப் போகுமுன், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் போடுகிறார்கள். ஒரே இடத்தில் குத்தாமல் மாற்றி மாற்றிப் போட வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். குத்துவதைக் காட்டிலும் பத்திரப்படுத்துவதே நம் ஊரில் கடினம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சில வகைகளுக்கு மட்டும் தொடங்கிய பின் சில வாரம் வெளியே வைக்கச் சலுகை உண்டு, அதுவும் 25 டிகிரிக்குள். மே மாதத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. மண்பானைக் குளிர்ச்சி இதற்குப் போதாது. பிரிட்ஜில் வைப்பவர்கள் ஐஸ் கட்டுகிற பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். உறைந்த மருந்து கெட்ட மருந்து, உருகினாலும் ஆகாது. ஐஸ் பிளாஸ்கில் எடுத்துப் போகும்போதும் மருந்து நேராக ஐஸில் படாமல் துணியில் சுற்ற வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டார் சபையில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டார் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடாமல் இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி

பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிகிராம் என்று வைத்தால், 20 கிலோ பிள்ளைக்கு மாதம் 18 மில்லிகிராம், அதே பிள்ளை 35 கிலோ ஆகும்போது 31 மில்லிகிராமுக்கு மேல். மருந்து வேலை செய்யச் செய்ய, செலவும் வளருகிறது. மாதம் பல ஆயிரம் ரூபாய். பெரியவருக்கு 0.3 என்றால் மாதம் 9 மில்லிகிராம்தான், ஆனால் அது வருடக்கணக்கில் நீளும்.

அரசாங்க உதவிகளை முதலில் நாட வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்தில் 5 லட்சம் வரை உண்டு. அது முக்கியமாக ஆபரேஷனுக்கும் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கும் உரியது, மாதாமாதம் வாங்கும் ஊசிக்கு அதை நம்ப முடியாது. ஷூ கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் டிஸ்பென்சரி வழியாகக் கேட்க வேண்டும். பலர் கேட்பதே இல்லை. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையில், நிரூபிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கான சிகிச்சை இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்படி உதவி, குறிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் வழியாகவே கிடைக்கும். கட்டி எடுத்த பிள்ளைக்கு அது பொருந்துமா என்பதை டாக்டரின் கடிதத்தோடு போய்க் கேட்க வேண்டும்.

உதவி செய்ய விரும்பும் நண்பர்கள் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். வளர்ச்சித் தட்டு மூடாத பிள்ளையின் ஊசி ஒரு பக்கம். அதற்கு நிகராக, யாரும் நினைக்காத சில்லறைச் செலவுகள் மறுபக்கம்: ஆறு மாதத்துக்கொருமுறை ஐ.ஜி.எப்.1, தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கேன் செலவு, தாயும் பிள்ளையும் வேலூர் போய்வரும் பயணக் காசு, அன்றைக்கு விட்டுப்போன கூலி. பிள்ளைகள் பரிசோதனைக்கு வராமல் நின்றுபோவது பெரும்பாலும் இந்தச் சில்லறையினால்தான். இடையில் நிற்கிற ஊசியால் முழுப் பலன் கிடைப்பதில்லை, ஆதலால் ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் கொடுத்து நிறுத்துவதைவிட, நாலு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பிள்ளையை அதன் வளர்ச்சி முடியும்வரை ஏற்றுக்கொள்வது மேல்.

வளர்ச்சி முடிந்ததும் ஊசியை நிறுத்தி, மறுபடி பரிசோதித்து, பெரியவருக்குரிய சிறிய அளவில் தொடர வேண்டுமா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். பிள்ளைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்கள் டாக்டரிடம் மாறுகிற அந்தப் பதினேழு, பதினெட்டு வயதில்தான் பலர் காணாமற் போகிறார்கள். கல்லூரி, வேலை, பெங்களூரு என்று கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் சபையில் அப்படி ஒரு வாலிபன் இருந்தால், ஊசியைப் பற்றிக் கேட்குமுன், காலையில் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டானா என்று கேளுங்கள், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளை ஒரு உறையில் போட்டுக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.